ரங்கூன் அபின் பதிவேடு: மருந்தா, மன உறுதியா?

(இணையவழி நேரலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

யாங்கோனில் இப்போது இரவு எட்டரை மணி. டொரண்டோவில் காலைக் காபியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும், சிங்கப்பூரில் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்பவர்களுக்கும் நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'போதையை வெல்வது மருந்தா, மன உறுதியா?' பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. நான் பட்டிமன்றப் பேச்சாளர் இல்லை. நர்சிங் டிப்ளமோ படித்துவிட்டு வார்டில் வேலை பார்க்கிறவள், நடுநடுவே எழுதுகிறவள். அதனால் தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு, இந்த ஊரின் கதையைச் சொல்கிறேன். ரங்கூன் இந்தக் கேள்வியை நூற்று முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்கள் எங்கே நின்றன, எங்கே உடைந்தன என்று பார்த்தால் நம் கேள்விக்கும் ஒரு வழி கிடைக்கும்.

பர்மிய மொழியில் அபினுக்கு அடிமையானவரை 'பெய்ன்ஸா' என்பார்கள். அபின் தின்னி என்று பொருள். இன்றும் இது வசைச்சொல். மன்னர்கள் காலத்திலேயே அபினுக்குக் கடுமையான தடை இருந்தது. பௌத்தத்தின் ஐந்தாம் சீலமே போதைப்பொருளை விலக்கச் சொல்கிறது. 1826-இல் யாண்டபோ ஒப்பந்தத்தில் அரக்கானும் தெனாசரிமும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. 1852-இல் ரங்கூனும் போனது. அவர்களோடு உரிமம் பெற்ற அபின் கடையும் வந்தது. அபின் இந்தியாவிலிருந்து கப்பலில் வரும். கடை ஏலத்தில் போகும், வருமானம் அரசுக்கு.

1880-இல் பர்மாவின் தலைமை ஆணையராக இருந்த சார்லஸ் ஐட்சிசன், அபின் பர்மியர்களைச் சீரழிக்கிறது என்று ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். அதன்பின் கடைகள் குறைக்கப்பட்டன. 1885-இல் திபா மன்னரைப் பிடித்து ரத்னகிரிக்கு அனுப்பிய பிறகு, மேல் பர்மாவில் பர்மியர்களுக்கு அபின் விற்கவே கூடாது என்றார்கள். கீழ் பர்மாவில் என்ன செய்வது? அங்கே ஏற்கெனவே ஆயிரக்கணக்கானவர்கள் பழகிவிட்டார்கள். அப்போது வந்ததுதான் பதிவேடு.

1893-இல், கீழ் பர்மாவில் 25 வயதுக்கு மேற்பட்ட, ஏற்கெனவே அபின் பழக்கமுள்ள பர்மியர்கள் அரசிடம் பெயரைப் பதிய வேண்டும் என்றார்கள். பெயர் இருந்தால் கடையில் வாங்கலாம். 1894 தொடங்கி, பெயர் இல்லாத பர்மியர் அபின் வைத்திருந்தால் குற்றம். பச்சை குத்துகிறவர்களுக்கும் நாட்டு வைத்தியர்களுக்கும் மட்டும் விலக்கு. அந்தக் காலத்துப் பர்மிய ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால்வரை பச்சை குத்திக்கொள்வார்கள். அந்த வலியைத் தாங்க அபின் கொடுப்பார்கள்.

இப்போது நம் கதைக்கு முக்கியமான இடம். இந்தத் தடை பர்மியருக்கு மட்டும்தான். இந்தியரும் சீனரும் பதிவேடு இல்லாமலே கடைக்குப் போய் வாங்கலாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலைகளில் உழைத்தவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள் என்று நம் தமிழரும் தெலுங்கரும் ஒரியரும் அந்த 'இந்தியர்' என்ற சொல்லுக்குள் இருந்தார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அப்படியென்றால் இந்தத் தலைநகரத்தில் பாதிப் பேருக்கு மேல் கடை திறந்தே இருந்தது.

ஏன் இந்தப் பாகுபாடு? அதிகாரிகள் சொன்ன விளக்கம் இதுதான்: பர்மியனுக்குத் தன்னடக்கம் இல்லை, தொட்டால் விடமாட்டான், சீனனும் இந்தியனும் அளவோடு பயன்படுத்துவார்கள், அது அவர்கள் உழைப்புக்கு உதவும். அதாவது மன உறுதி என்பது இனத்தைப் பொறுத்தது என்று ஓர் அரசாங்கமே சட்டம் எழுதியது! பாராட்டு மாதிரித் தெரிகிறது. ஆனால் அந்தப் பாராட்டின் பலன் என்ன? கூலித்தொழிலாளி அபினில் விழுந்தால் அது அவன் பாடு. மீட்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை. மலேரியாவுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் உடம்பு வலிக்கும் அபின் நல்லது என்ற நம்பிக்கை வேறு அன்று பரவலாக இருந்தது.

அதே 1893-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வற்புறுத்தலால் அபின் பற்றிய ராயல் கமிஷன் அமைந்தது. பிராசி பிரபு தலைவர். கமிஷன் ரங்கூனுக்கும் வந்தது. மொத்தம் 700-க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. 1895-இல் வந்த அறிக்கை, இந்தியாவில் அபினைத் தடை செய்யத் தேவையில்லை, பெரும்பாலோர் அளவோடுதான் எடுக்கிறார்கள் என்றது. ஹென்றி வில்சன் என்ற உறுப்பினர் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதினார். பர்மியருக்கான தடையை மட்டும் கமிஷன் ஏற்றுக்கொண்டது.

பதிவேடு என்ன ஆனது? பலர் பெயர் கொடுக்கவே வரவில்லை. பெய்ன்ஸா என்று அரசுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? ஒரே தெருவில் ஒருவருக்குக் கடை உண்டு, அடுத்த வீட்டாருக்கு இல்லை என்றால் சரக்கு கைமாறாமல் இருக்குமா? கள்ளச்சந்தை வளர்ந்தது. அதைப் பிடிக்கப் போலீஸ் வளர்ந்தது. 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த எரிக் பிளேர் என்ற இளைஞர்தான் பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல். அவருடைய அப்பா பீகாரில் அரசின் அபின் துறையில் வேலை பார்த்தவர். அப்பா விளைச்சலைப் பார்த்துக்கொண்டார், மகன் சட்டத்தைப் பார்த்துக்கொண்டார். ஒரு சாம்ராஜ்யத்தின் இரண்டு கைகளும் ஒரே வீட்டில்!

கவனியுங்கள், இந்த முதல் பதிலில் மருந்து என்ற பேச்சே இல்லை. பதிவேட்டில் இருந்தவருக்கு அபின் கிடைத்தது, சிகிச்சை கிடைக்கவில்லை. பதிவேட்டுக்கு வெளியே இருந்தவரிடம் உன் மன உறுதி, உன் பாடு என்றார்கள்.

இரண்டாவது பதில் சுதந்திர பர்மாவில் வந்தது. 1960-களிலும் 70-களிலும் ஷான் மலைகளின் அபின் தாய்லாந்து எல்லையோரத்தில் ஹெராயினாக மாறி, திரும்ப நகரங்களுக்கு வந்தது. 1974-இல் புதிய போதைப்பொருள் சட்டம். மறுபடியும் பதிவேடு! போதை பழக்கம் உள்ளவர்கள் தாங்களாகவே பதிந்து சிகிச்சைக்கு வர வேண்டும். 1993 சட்டத்தில், பதியாவிட்டால் 3 முதல் 5 ஆண்டு சிறை. இந்த முறை மருந்து இருந்தது. மருத்துவமனையில் சேர்த்து, அபின் டிங்சரை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்து, சில வாரங்களில் நிறுத்துவார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு. 'சுத்தமாகிவிட்டாய், இனி மனதைக் கட்டுப்படுத்திக்கொள்.'

இங்கேதான் ஒரு நர்ஸாக நான் கொஞ்சம் உடம்பைப் பற்றிப் பேச வேண்டும். ஹெராயின் போட்டவருக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அதன் வேகம் இறங்கும். பிறகு மூக்கு ஒழுகும், எலும்பு வலிக்கும், வயிறு போகும், தூக்கம் இருக்காது. இதை வித்ட்ராயல் என்கிறோம். சில நாள் தாங்கினால் உடம்பு இதைக் கடந்துவிடும். உண்மைதான். அதனால்தான் 'ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் உடம்பு கடந்ததை மூளை உடனே கடப்பதில்லை. ஏக்கம் மாதக்கணக்கில் இருக்கும். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. சில வாரம் நிறுத்தியவுடன் உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடுகிறது. பழைய அளவை ஒருமுறை போட்டால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்தும், மீட்பு முகாமிலிருந்தும், டிடாக்ஸ் வார்டிலிருந்தும் வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் உயிருக்கு மிக ஆபத்தான நாட்கள். மன உறுதியோடு நிறுத்தியவர்தான், ஒரு நாள் தளர்ந்தால், அதிகம் சாகிறார். இதைக் கொடூரம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஊசி பகிர்ந்ததில் எச்.ஐ.வி.யும் சேர்ந்துகொண்டது. 2014 ஆய்வில் மியான்மரில் போதை ஊசி போடுபவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் எச்.ஐ.வி. இருந்தது.

மூன்றாவது பதில் 2006-இல் வந்தது: மெத்தடோன். 1930-களின் இறுதியில் ஜெர்மனியில் கண்டுபிடித்த மருந்து இது. 1964-இல் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் இதை ஹெராயின் நோயாளிகளுக்குத் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டே யாங்கோன் உட்பட மியான்மரின் சில அரசு மருத்துவமனைகளில் தொடங்கினார்கள். மருந்து ஒரு சிறு குவளையில் திரவமாக இருக்கும். நர்ஸ் முன்னால் குடிக்க வேண்டும். உடம்பில் ஒரு நாளுக்கு மேல் தங்கும். சரியான அளவில் போதையும் இல்லை, வேதனையும் இல்லை.

மன உறுதிக்கு இது என்ன செய்கிறது? ஹெராயின் பழகியவரின் நாள் நான்கு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை அவர் தன்னோடு சண்டை போட வேண்டும். மெத்தடோன் குடிப்பவர் காலையில் ஒருமுறை மருத்துவமனைக்கு நடந்து வந்தால் போதும். மீதி நாள் அவருக்குச் சொந்தம். அந்த நேரத்தில் வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளியில் விடலாம், காசநோய் மாத்திரை போடலாம். நாள்தோறும் அந்த நடையை நடப்பதற்கும் மன உறுதி வேண்டும். அது மனிதனால் முடிகிற அளவு மன உறுதி, அவ்வளவுதான்.

பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பு 2017-இல் வந்தது. மெத்தடோன் சிகிச்சையில் இருப்பவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்குச் சுமார் 11 பேர் இறக்கிறார்கள். சிகிச்சையை விட்டு வெளியே போன காலத்தில் அது சுமார் 36. இந்த வித்தியாசத்தை எந்தப் பிரசங்கமும் தந்ததில்லை.

'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மெத்தடோனையும் திடீரென்று நிறுத்த முடியாது. அளவு தவறினால் உயிர் போகும். ஆனால் வார்டில் திரும்பத் திரும்ப நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். நன்றாக இருந்த ஒருவர் திடீரென்று, 'சயாமா, மருந்து நிற்கவில்லை' என்பார். இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வியர்வை, கொட்டாவி, தூக்கமின்மை. வீட்டில், 'பழைய ஆசை வந்துவிட்டது, நடிக்கிறான்' என்பார்கள். சார்ட்டைப் பார்த்தால் பத்து நாளுக்கு முன் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கியிருப்பார்கள். அந்த மருந்து ஈரலைத் தூண்டி, மெத்தடோனை வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். சில எச்.ஐ.வி. மருந்துகளும் அப்படித்தான். அளவைக் கூட்டினால் அவர் பழையபடி ஆகிவிடுவார். ஈரலில் நடந்த ரசாயன வேலைக்கு நாம் ஒழுக்கத்தில் மார்க் போட்டுக்கொண்டிருந்தோம்!

அப்படியென்றால் மருந்துதான் ஜெயித்தது என்று முடித்துவிடலாமா? கூடாது. சிங்கப்பூர் நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு நினைவிருக்கும். 2000-களின் தொடக்கத்தில் சுபுடெக்ஸ் என்ற பெயரில் பூப்ரெனோர்ஃபின் மாத்திரையை அங்கே தனியார் கிளினிக்குகளில் எழுதிக்கொடுத்தார்கள். மெத்தடோனைப்போல நல்ல மருந்து. ஆனால் மாத்திரையை வாங்கி வெளியே விற்றார்கள், பொடித்து ஊசியில் ஏற்றினார்கள். 2006 ஆகஸ்டில் சிங்கப்பூர் அதைத் தடைசெய்தது. அதே 2006-இல்தான் யாங்கோன் மெத்தடோனைத் தொடங்கியது. பணக்கார நகரத்தில் தோற்ற வழி ஏழை நகரத்தில் நின்றது. காரணம் மருந்தின் வேதியியல் அல்ல, அதைச் சுற்றியிருந்த ஏற்பாடு. யார் கொடுக்கிறார், யார் முன்னால் குடிக்கிறார், நாளைக்கும் அதே ஆள் இருப்பாரா என்பதெல்லாம் சிகிச்சையின் பகுதி.

இன்னொரு பக்கம், மன உறுதியின் பக்கம். வடக்கே கச்சின் மாநிலத்தில் 2014-இல் கச்சின் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் ஆதரவில் 'பாட் ஜாசான்' என்ற இயக்கம் பிறந்தது. தடு, தூய்மையாக்கு என்று பொருள். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் ஹெராயினில் போய்க்கொண்டிருந்தார்கள், அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சபை மக்களே இறங்கினார்கள். கசகசாச் செடிகளை வெட்டினார்கள். 2016 பிப்ரவரியில் வைங்மோ பகுதியில் அவர்கள்மீது தாக்குதல் நடந்து பலர் காயப்பட்டார்கள். போதையில் இருந்த இளைஞர்களைப் பிடித்துவந்து முகாம்களில் வைத்தார்கள். மருந்து இல்லை, ஜெபம், பாட்டு, உடற்பயிற்சி. நானும் கிறிஸ்தவள். அந்தத் தாய்மாரின் கண்ணீரை எளிதாகப் பேசமாட்டேன். அங்கே தனிமையிலிருந்து மீண்டவர்கள் உண்டு. ஆனால் விருப்பமில்லாமல் அடைத்து, மருந்தில்லாமல் நிறுத்தி, சில மாதத்தில் வீட்டுக்கு அனுப்பும்போது, நான் முன்னால் சொன்ன அந்த ஆபத்தான வாரங்களுக்குள்தான் அனுப்புகிறோம். நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனிடம் யாரும் 'எழுந்து நட' என்று சொல்லவில்லை. முதலில் காயத்துக்கு மருந்து. பிறகு சத்திரம். அதற்குப் பிறகு, மேலும் செலவானால் தருகிறேன் என்ற வாக்கு. மூன்றும் அந்த வரிசையில்.

ஆன்மிக வழியின் பெரிய அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதை மன உறுதியின் இயக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் படியே என் பலத்தால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதுதான். மெத்தடோனைக் கொண்டுவந்த டாக்டர் டோல் பின்னாளில் அதன் அறங்காவலர் குழுவில் இருந்தார். அதன் நிறுவனர் பில் வில்சன் தன்னிடம், குடிநோய்க்கும் மெத்தடோன் போன்ற ஒரு மருந்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டதாக டோல் எழுதியிருக்கிறார். நாம் பட்டிமன்ற மேடையில் எதிரெதிராக உட்காரவைக்கும் இருவரும் உண்மையில் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டு உதாரணமும் உண்டு. கணவரைக் குடிநோயில் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் பெயரில் சிகிச்சை மையம் தொடங்கினார். குடிநோயை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்க்க நம் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுத்த இடங்களில் அது முக்கியமானது. குடிக்கு டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு. 1940-களின் இறுதியில் டென்மார்க்கில் கண்டது. அதைப் போட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். மருத்துவர் கண்காணிப்பும் நோயாளியின் சம்மதமும் இல்லாமல் கொடுக்கவே கூடாது. ஆனால் அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு, மனம் தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவு மாலை ஏழு மணி ஆசையைத் தடுக்கிறது. அது மருந்தா, மன உறுதியா? பிரித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

மருந்தே இல்லாத போதையும் இருக்கிறது. யாங்கோனில் இப்போது இளைஞர்களிடம் அதிகம் புழங்குவது யாபா மாத்திரை, அதாவது மெத்தாம்ஃபெட்டமின். அதற்கு மெத்தடோன் மாதிரி ஒரு மாற்று மருந்து கிடையாது. அங்கே இடமும் துணையும்தான் மருந்து. இதற்கு வியட்நாம் போரிலிருந்து ஒரு சான்று. 1971-இல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அங்கே இருந்தபோது ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். ஊருக்குத் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். மன உறுதி திடீரென்று கூடிவிட்டதா? இல்லை. போர் இல்லை, பயம் இல்லை, பழைய கூட்டாளி இல்லை, வீடு இருந்தது. இந்த ஆய்வை வைத்து 'மருந்து வேண்டாம்' என்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிவது வேறு: திரும்பிப் போக வேறொரு வாழ்க்கை இருந்தவர்கள் மீண்டார்கள். யாங்கோன் இளைஞனுக்கு அப்படி ஓர் ஊர் எங்கே? அவன் மீள வேண்டியது விற்பவன் நிற்கும் அதே தெருவில். 2023-இல் ஆப்கானிஸ்தானைத் தாண்டி மியான்மர்தான் உலகில் அதிகம் அபின் விளைவிக்கும் நாடு ஆனது.

2018-இல் இந்த நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. போதை பயன்படுத்தியதற்காகவும் பதியாததற்காகவும் இருந்த சிறைத்தண்டனை எடுக்கப்பட்டது. 1893-இல் திறந்த பதிவேட்டின் நிழல் விலக 125 ஆண்டுகள் ஆயின.

ஆக, இந்த ஊர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். மன உறுதி ஆளுக்கு ஆள், இனத்துக்கு இனம் பிறவியில் கிடைக்கும் சொத்து இல்லை. தூக்கமும் சோறும் வலியில்லாத உடம்பும் காத்திருக்கும் ஒரு மனிதரும் இருந்தால் அது வளரும், இல்லாவிட்டால் தேயும். மருந்து இருக்கிற போதைக்கு மருந்து முதலில் வர வேண்டும், ஏனென்றால் செத்தவருக்கு மன உறுதியால் பயனில்லை. ஆனால் மருந்தோடு ஏற்பாடும் வர வேண்டும்.

கேட்பவர்களில் யார் வீட்டிலாவது இந்தப் பாரம் இருந்தால் மூன்றே செய்தி. பல ஆண்டு தினமும் குடித்தவரை, 'இன்றோடு விடு' என்று வீட்டில் பூட்டிவைக்காதீர்கள். திடீர் நிறுத்தத்தில் வலிப்பும் குழப்பமும் வந்து உயிர் போகலாம், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இரண்டாவது, மருந்தில் இருப்பவரிடம், 'எப்போது இதையும் விடுவாய்?' என்று வாராவாரம் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியால் மருந்தை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, ஒருவர் மறுபடி சறுக்கினால் அதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரத்த அழுத்தம் மறுபடி ஏறினால் என்ன செய்வோமோ, அதையே செய்யுங்கள்: அளவைப் பாருங்கள், காரணத்தைப் பாருங்கள், ஆளைக் கைவிடாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.